உங்களுக்குத் தெரியுமா? – போல்ட் வட்டத்தின் கணக்கு

பம்பு, மோட்டார், கார் சக்கரம், கியர்பாக்ஸ் மூடி என்று எதைக் கழற்றிப் பார்த்தாலும் போல்ட்டுகள் வட்டமாகத்தான் உட்கார்ந்திருக்கும். அந்தத் துளைகளின் மையங்கள் வழியாகப் போகிற வட்டத்தின் விட்டத்தைப் பட்டறைகளில் 'பிசிடி' என்பார்கள். விசேஷம் என்னவென்றால், அந்த வட்டம் இரும்பின் மேல் எங்கும் இல்லை. வரைபடத்தில் மட்டும் துண்டு துண்டான மெல்லிய கோடாக இருக்கும். துளையின் மையமும் வெறும் காற்றுதான், அதில் வெர்னியரை வைக்க முடியாது. கண்ணுக்குத் தெரிகிற விளிம்புகளை அளந்து, தெரியாத வட்டத்தைப் பிடிக்க வேண்டும். எந்த விளிம்பிலிருந்து எந்த விளிம்புக்கு அளப்பது என்பதில் இருக்கிறது ஃபிட்டரின் கைத்திறன்.

எதிரெதிர் துளைகள் இருந்தால் பாதி வேலை முடிந்தது

துளைகள் 4, 6, 8 என இரட்டைப்படையாக இருந்தால், நேரெதிரே உள்ள இரண்டு துளைகளின் மையத் தூரமே பிசிடி. அதை எடுக்க மையத்தைத் தேடவே வேண்டாம். ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து எதிர்த் துளையின் இடது விளிம்புக்கு அளந்தால் போதும். இரண்டு துளைகளும் ஒரே அளவாக இருந்தால், விளிம்பு நகர்ந்த அளவுக்கு மையமும் நகர்ந்திருக்கும்.

இதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. வெர்னியரின் வெளி அளவுத் தாடையால் இரண்டு துளைகளுக்கும் இடையிலுள்ள சதையை அளந்துகொள்ளுங்கள். பிறகு உள் அளவுத் தாடையை விரித்து, இரண்டு துளைகளின் தொலைவான விளிம்புகளுக்கு இடையே அளந்துகொள்ளுங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் மையத் தூரம் வந்துவிடும். துளையின் விட்டம் என்ன என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. ஒரு துளை சற்றுப் பெரிதாகி, இன்னொன்று சிறிதாக இருந்தாலும் கணக்கு கெடாது.

ஐந்து துளை வந்தால்?

கார் சக்கரத்தில் ஐந்து துளை இருந்தால் எதிரே துளை கிடையாது, சதைதான் இருக்கும். அங்கே கைகொடுப்பது நாண். பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மையத் தூரத்தை 0.5878 ஆல் வகுத்தால் பிசிடி. கணக்கு எளிது: நாண் = பிசிடி × சைன் (180 ÷ துளைகளின் எண்ணிக்கை). 3 துளைக்கு இந்தப் பெருக்கி 0.8660, 4-க்கு 0.7071, 5-க்கு 0.5878, 6-க்கு சரியாக 0.5, 7-க்கு 0.4339, 8-க்கு 0.3827, 9-க்கு 0.3420, 10-க்கு 0.3090, 12-க்கு 0.2588.

ஒரு சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். துளை 14 மி.மீ., இடைச்சதை 53.2 மி.மீ., தொலைவிளிம்பு அளவு 81.2 மி.மீ. கூட்டிப் பாதியாக்கினால் 67.2. அதை 0.5878 ஆல் வகுத்தால் 114.3. டொயோட்டா இன்னோவாவுக்கு உரிய அளவு இது.

ஒரு துளையைத் தாண்டி அளப்பது ஏன் நல்லது?

வெர்னியரில் அரை மி.மீ. தவறு நேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து துளையில் பக்கத்துத் துளைகளை அளந்திருந்தால் பிசிடி கணக்கில் அது 0.85 மி.மீ. ஆகிவிடும். அதே ஐந்து துளையில் ஒன்றை விட்டு அடுத்ததை அளந்தால் பெருக்கி 0.9511. தவறு 0.53 மி.மீ. அளவில் நின்றுவிடும். 12 துளை உள்ள ஃப்ளாஞ்சில் பக்கத்துத் துளையை அளந்து பிசிடி கண்டுபிடிக்கப் போனால் தவறு ஏறக்குறைய நான்கு மடங்காகும். எவ்வளவு தூரத்துத் துளையைப் பிடிக்க முடியுமோ அவ்வளவு தூரத்துத் துளையைப் பிடிக்க வேண்டும். ஒற்றைப்படைத் துளைகளில் ஆகத் தொலைவான ஜோடிக்குப் பெருக்கி, கொசைன் (90 ÷ எண்ணிக்கை). மூன்றுக்கு 0.8660, ஐந்துக்கு 0.9511, ஏழுக்கு 0.9749.

லீலாவதியில் இருக்கும் போல்ட் அட்டவணை

கி.பி. 1150-இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் ஒரு விதி உண்டு. வட்டத்தின் விட்டத்தை 103923, 84853, 70534, 60000, 52055, 45922, 41031 ஆகிய எண்களால் தனித்தனியே பெருக்கி, 120000 ஆல் வகுத்தால், வட்டத்துக்குள் அடங்கும் முக்கோணம் முதல் ஒன்பது பக்க உருவம் வரை வரிசையாகப் பக்க அளவு கிடைக்கும். துளைகளை வரிசையாகக் கோட்டால் இணைத்தால் கிடைப்பது அந்தப் பல பக்க உருவம்தானே! 3 துளை முதல் 9 துளை வரைக்குமான நாண் அட்டவணை, இன்று மெஷின் ஷாப் சுவரில் ஒட்டியிருக்கும் அதே அட்டவணை, எட்டரை நூற்றாண்டுக்கு முன்பே இங்கே எழுதப்பட்டிருக்கிறது.

எவ்வளவு துல்லியம் என்று பாருங்கள். பிசிடி 120 மி.மீ. என்று வைத்தால் லீலாவதிப்படி 5 துளைக்கு 70.534, 8 துளைக்கு 45.922. இன்றைய கால்குலேட்டரும் மூன்றாம் தசம இடம் வரை இதையே சொல்கிறது. 7, 9 என்ற இரண்டில் மட்டும் சிறு குறை. ஏழுக்கு 52.055 என்கிறது லீலாவதி, சரியான விடை 52.066. ஒன்பதுக்கு 41.031 என்கிறது, சரியான விடை 41.042. இரண்டிலும் குறைவது 0.011 மி.மீ.தான். கையால் பஞ்ச் அடித்து டிரில் போடும் எந்த ஃபிட்டருக்கும் இந்த வித்தியாசம் பிடிபடாது.

7-இலும் 9-இலும் மட்டும் ஏன் இடறுகிறது? 3, 4, 5, 6, 8 பக்கங்களைக் கூட்டல், பெருக்கல், வர்க்கமூலம் ஆகியவற்றால் சரியாகக் கணக்கிட்டுவிடலாம். ஏழும் ஒன்பதும் அப்படி வசப்படாது. கவராயத்தாலும் அளவுகோலாலும் அந்த இரண்டையும் மிகச் சரியாக வரையவே முடியாது என்று 1837-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் வான்செல் நிறுவினார். வர்க்கமூலம் எட்டாத இடத்தில்கூட பாஸ்கரர் ஆயிரத்தில் கால் பங்கு அளவுக்குத்தான் விலகினார் என்பதை நம் பொறியியல் வகுப்புகளில் சொல்லித்தர வேண்டும் என்பது என் விருப்பம்.

விட்டம் 120 ஏன்?

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த டாலமியும் நாண் அட்டவணை போட்டார். அரை டிகிரிக்கு ஒரு வரி. அவர் எடுத்துக்கொண்ட வட்டத்தின் விட்டமும் 120 பாகம். 72 டிகிரி நாணுக்கு அவர் தந்த அளவு, அறுபதின் பின்னமாக எழுதினால் 70, 32, 3. தசமமாக மாற்றினால் 70.534. வானத்தில் கிரகங்களின் இடத்தைக் கணிக்கப் போட்ட அட்டவணை அது. அதை ஐந்து துளை ஃப்ளாஞ்சுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஆறு துளைக்குக் கணக்கே வேண்டாம்

ஜாமெட்ரி பாக்ஸ் கவராயத்தால் ஆறு இதழ்ப் பூ வரையாத பிள்ளை உண்டா? வட்டம் போட்ட அதே விரிப்பில் சுற்றி வந்தால் ஆறு இடங்களில் சரியாகக் குத்தும். வட்டத்தில் ஆறில் ஒரு பாகத்தின் நாண் ஆரத்துக்குச் சமம் என்று ஆரியபட்டியத்திலேயே (கி.பி. 499) இருக்கிறது. ஆறு துளை ஃப்ளாஞ்சை மார்க் செய்யும்போது டிவைடரை வட்டம் போட்ட அளவிலேயே வைத்திருங்கள், அசைக்காதீர்கள்.

சைக்கிள் டிஸ்க் பிரேக்கில் ஆறு போல்ட் தட்டு இருந்தால் அதன் பிசிடி 44 மி.மீ. அப்படியானால் பக்கத்துப் போல்ட்டுகளின் இடைவெளி? யோசிக்காமலே சொல்லலாம்: 22.

சுற்றி வந்தால் தவறு சேரும்

எட்டு துளை, பிசிடி 120. நாண் 45.92. டிவைடரை 46 என்று வைத்துவிட்டார்கள். ஓர் அடிக்கு 0.08 மி.மீ. கூடுதல், கண்ணுக்கே தெரியாது. ஆனால் எட்டு அடி சுற்றிவந்து தொடங்கிய புள்ளியில் முடிக்கும்போது ஏறக்குறைய 0.7 மி.மீ. தள்ளி நிற்கும். கடைசித் துளைக்கும் முதல் துளைக்கும் இடையில்தான் அந்தத் தவறு முழுவதும் வந்து விழும். பூட்டும்போது ஏழு போல்ட் சரியாக இறங்கி எட்டாவது மட்டும் முரண்டு பிடிப்பதற்கு இது ஒரு பழைய காரணம்.

விவரம் தெரிந்தவர்கள் சுற்றி வரமாட்டார்கள். முதலில் வட்டத்தைக் குறுக்குக்கோட்டால் இரண்டாக்குவார்கள். பிறகு செங்குத்துக் கோட்டால் நான்காக்குவார்கள். பிறகு ஒவ்வொரு கால் பாகத்தையும் பாதியாக்குவார்கள். தவறு நேர்ந்தாலும் அந்தந்தக் கால் பாகத்துக்குள் அடங்கிவிடும், அடுத்ததற்குப் போகாது. டிவைடரின் முள் நழுவாமலிருக்க முதலில் 30 டிகிரி முனையுள்ள பிரிக் பஞ்சால் லேசாகக் குத்துவதும், எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகு 90 டிகிரி சென்டர் பஞ்சால் ஆழமாக அடிப்பதும் ஐடிஐ ஃபிட்டர் வகுப்பில் சொல்லித்தரும் பாடம். முதல் குத்து லேசாக இருந்தால் திருத்த வழி உண்டு. ஆழமாக அடித்துவிட்டால் டிரில் அந்தக் குழிக்குள்தான் போய் உட்காரும்.

ஏழுக்கு ஒரு குறுக்குவழி

வட்டத்துக்குள் சமபக்க முக்கோணம் போட்டு, அதன் பக்கத்தில் பாதியை டிவைடரில் எடுத்தால் ஏழு துளைக்கு நாண் கிடைத்துவிடும் என்பது கைவினைஞர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட வழி. பத்தாம் நூற்றாண்டில் அபுல் வஃபா கைவினைஞர்களுக்காகவே எழுதிய வடிவியல் நூலில் இது இருக்கிறது. பிசிடி 120-க்கு 51.96 வரும், உண்மை 52.07. சுற்றி முடிக்கும்போது 0.8 மி.மீ. குறையும். மரச்சட்டத்துக்குத் தாராளமாகப் போதும். போல்ட் துளைக்குப் போதாது.

நாற்பது சுற்றின் ரகசியம்

மில்லிங் மெஷினில் மாட்டும் டிவைடிங் ஹெட்டின் கைப்பிடியை 40 முறை சுற்றினால் வேலைப்பொருள் ஒரு முறை சுற்றும். ஆக, எத்தனை துளை வேண்டுமோ அந்த எண்ணால் நாற்பதை வகுத்தால் ஒரு துளைக்கு எத்தனை சுற்று என்று தெரிந்துவிடும். எட்டு துளைக்கு ஐந்து சுற்று. ஏழு துளைக்கு ஐந்தும் ஏழில் ஐந்தும். அந்த ஏழில் ஐந்தை எப்படிச் சுற்றுவது? துளைத்தட்டில் 21 துளை உள்ள வரிசையை எடுத்துக்கொண்டு, ஐந்து முழுச் சுற்றுக்குப் பிறகு 15 இடைவெளி தள்ளி முள்ளை இறக்க வேண்டும். ஒன்பதுக்கு நான்கு சுற்றும், 27 துளை வரிசையில் 12 இடைவெளியும். கவராயத்துக்கு வசப்படாத ஏழும் ஒன்பதும் டிவைடிங் ஹெட்டுக்குள் இருக்கும் புழுச்சக்கரத்துக்கு மிகச் சுலபமாக வசப்படுகின்றன. எண்ணும்போது முள் நிற்கிற துளையைச் சேர்க்கக் கூடாது, இடைவெளியைத்தான் எண்ண வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் தடுமாறும் இடம் இது.

இரண்டே எண்ணில் எட்டு துளை

சிஎன்சி மெஷினுக்குக் கோணம் தேவையில்லை, எக்ஸ், ஒய் என்று இரண்டு தூரம் கொடுத்தால் போதும். ஆரத்தைக் கொசைனால் பெருக்கினால் எக்ஸ், சைனால் பெருக்கினால் ஒய். பிசிடி 180, எட்டு துளை, முதல் துளை 22.5 டிகிரியில் என்றால் 83.149, 34.442 என்ற இரண்டே எண்தான். இரண்டையும் இடம் மாற்றி, கூட்டல் கழித்தல் குறியை மாற்றிப்போட்டால் எட்டு துளையும் வந்துவிடும். நான்கு துளையை 45 டிகிரியில் தொடங்கினால் ஒரே எண் போதும்.

இதுவும் எதற்கு என்பவர்களுக்கு, ஹாஸ் மில்லிங் மெஷினில் ஜி70 என்ற கட்டளை இருக்கிறது. ஆரம், தொடக்கக் கோணம், எண்ணிக்கை மூன்றையும் கொடுத்தால் மீதியை மெஷின் பார்த்துக்கொள்ளும். பழைய மில்லிங் மெஷினில் மாட்டும், நகர்ந்த தூரத்தை எண்ணாகக் காட்டும் டிஆர்ஓ பெட்டியிலும் பெரும்பாலும் பிசிடி பொத்தான் உண்டு. ஆனால் தொடக்கக் கோணத்தைத் தவறாகக் கொடுத்தால் எல்லாத் துளைகளும் கச்சிதமாகத் தவறான இடத்தில் விழும். எந்த மெஷினும் அதைக் கேள்வி கேட்காது.

குழாய் ஃப்ளாஞ்சின் உச்சியில் துளை வைக்க மாட்டார்கள்

பைப்லைன் ஃப்ளாஞ்சை நேராகப் பாருங்கள். உச்சியில் துளை இருக்காது. நடுக்கோட்டுக்கு இருபுறமும் சமதூரத்தில் இரண்டு துளைகள் இருக்கும். எட்டு துளைக்கு முதல் துளை 22.5 டிகிரியில் தொடங்குவது இதனால்தான். குழாய்க்கும் வால்வுக்கும் பம்புக்கும் இது பொது வழக்கம் என்பதால், யார் எங்கே செய்த ஃப்ளாஞ்சாக இருந்தாலும் வால்வின் சக்கரம் நேராக நிற்கும். அமெரிக்கத் தரப்படி துளைகளின் எண்ணிக்கை எப்போதும் நான்கின் மடங்குதான். அதனால் வால்வைக் கால் சுற்றுத் திருப்பிவைத்தும் பூட்டலாம். ஃப்ளாஞ்சை வெல்டு வைக்கும்முன் மேலேயுள்ள இரண்டு துளைகளில் இரண்டு பின்னைச் செருகி, அதன்மேல் ரசமட்டத்தை வைத்துச் சமன் பார்ப்பது பைப் ஃபிட்டர்களின் வாடிக்கை.

நாலு இஞ்ச் என்றால் எந்த நாலு இஞ்ச்?

நாலு இஞ்ச் குழாய்க்கு ஐரோப்பியத் தரம் பிஎன்16 ஃப்ளாஞ்சில் பிசிடி 180 மி.மீ., எட்டு துளை. அமெரிக்கத் தரம் கிளாஸ் 150-இல் பிசிடி 190.5 மி.மீ., அதிலும் எட்டு துளை. கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். எதிரெதிர் வைத்தால் ஒவ்வொரு துளையும் ஐந்து மி.மீ.க்கு மேல் விலகி நிற்கும், போல்ட் நுழையாது. இது தொல்லைதான், ஆனால் ஆபத்தில்லை. பூட்டவே முடியாது என்பதால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆபத்து இரண்டு இஞ்சில் இருக்கிறது. பிஎன்16-க்குப் பிசிடி 125, துளை 18. கிளாஸ் 150-க்கு 120.65, துளை 19. ஒவ்வொரு துளையும் விலகுவது 2.2 மி.மீ. 16 மி.மீ. போல்ட்டுக்கு ஒரு பக்கம் ஒரு மி.மீ., மறுபக்கம் ஒன்றரை மி.மீ. என மொத்தம் இரண்டரை மி.மீ. இடம் இருப்பதால் நான்கு போல்ட்டும் உள்ளே போய்விடும்! ஒரு ஃப்ளாஞ்சில் வெளிச்சுவரையும் இன்னொன்றில் உட்சுவரையும் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஃப்ளாஞ்சுகளின் வெளிவிட்டமும் 165, 152 என்று வேறு வேறு, தாங்கும் அழுத்தத்தின் கணக்கும் வேறு. வெளிவிட்டம் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்பதைக் கண்டால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பிசிடியை அளந்துபாருங்கள்.

"அண்ணே, இந்த வீல் நம்ம வண்டிக்கு உட்காருமா?"

டயர் கடையில் தினமும் கேட்கிற கேள்வி இது. ஹோண்டா சிட்டிக்கு 4 துளை, பிசிடி 100. ஃபியட் வண்டிகளுக்கு 4 துளை, 98. ஒவ்வொரு துளையும் ஒரு மி.மீ.தான் தள்ளியிருக்கும். அழுத்திப் பூட்டினால் ஏறிவிடும், ஆனால் நட்டின் கூம்பு சக்கரத்தின் கூம்புக்குள் முழுதாக உட்காராமல் ஒரு பக்கமாகவே கடிக்கும். ஓட ஓட நட்டு தளரும். 5 துளையில் இதேபோல் 112, 114.3 குழப்பம் உண்டு. பக்கத்துத் துளைகளின் மையத் தூரத்தில் வித்தியாசம் வெறும் 1.35 மி.மீ. டேப்பால் இதைப் பிடிக்க முடியாது, வெர்னியர் வேண்டும்.

114.3 என்று விசித்திரமான எண் எப்படி வந்தது? நாலரை இஞ்ச். 139.7 என்பது ஐந்தரை இஞ்ச். 127 ஐந்து இஞ்ச். இரண்டாம் உலகப்போர் வில்லிஸ் ஜீப்பின் சக்கரத்தில் ஐந்தரை இஞ்ச் வட்டத்தில் ஐந்து போல்ட். மாருதி ஜிப்ஸிக்கும் அதே ஐந்து, அதே 139.7. அளவு மெட்ரிக் ஆகிவிட்டது, வட்டம் மட்டும் இஞ்சிலேயே நின்றுவிட்டது.

டாடா நானோ சக்கரத்துக்கு மூன்றே நட்டு. ஃபிரான்சின் பழைய சித்ரோயன் 2சிவி காருக்கும் மூன்றுதான், பிசிடி 160 மி.மீ.

பெயரிலேயே அளவு

கோயம்புத்தூர் மோட்டார்களின் பெயர்ப்பலகையிலோ கேட்லாகிலோ எஃப்எஃப்165, எஃப்எஃப்215 என்று பார்த்திருப்பீர்கள். அந்த எண்தான் பிசிடி. எஃப்எஃப்165 என்றால் 165 மி.மீ. வட்டத்தில் நான்கு துளை, வெளிவிட்டம் 200, நடுவே 130 மி.மீ. கழுத்து. அந்தக் கழுத்து வீணுக்கு இல்லை. மோட்டாரின் மையத்தை பம்பின் மையத்தோடு ஒன்றுசேர்ப்பது அதுதான். போல்ட்டின் வேலை இறுக்கிப் பிடிப்பது மட்டும். துளையில் எப்போதும் கொஞ்சம் தளர்வு இருப்பதால் போல்ட்டை நம்பி மையம் பிடிக்க முடியாது.

ரோபோ கையின் முனையிலும் இதே முறைதான். 50-4-எம்6 என்றால் 50 மி.மீ. வட்டம், நான்கு துளை, எம்6 மரை.

தளர்வு எவ்வளவு, தவறு எவ்வளவு?

எம்10 போல்ட்டுக்கு வழக்கமான துளை 11 மி.மீ. இரண்டு தகட்டிலும் 11 துளை என்றால், ஒவ்வொரு துளையின் மையமும் தன் சரியான இடத்தைச் சுற்றி 1 மி.மீ. விட்டமுள்ள சிறு வட்டத்துக்குள் எங்கே இருந்தாலும் போல்ட் நுழைந்துவிடும். கணக்கு நேரடியானது: துளை விட்டத்திலிருந்து போல்ட் விட்டத்தைக் கழிக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு தகட்டில் மரை வெட்டியிருந்தால் போல்ட் அங்கே அசைய முடியாது. அப்போது அதே 1 மி.மீ.யை இரண்டு தகடும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், ஆளுக்கு அரை. வரைபடம் போடும் இளம் பொறியாளர்கள் இந்த இரண்டாவது நிலையை மறந்துவிட்டால் அசெம்பிளிக்காரர் ரீமரைத் தேட வேண்டி வரும்.

டார்பிடோ தொழிற்சாலையின் கொடை

துளையின் இடத்துக்கு முன்பெல்லாம் 'இப்படி கால் மி.மீ., அப்படி கால் மி.மீ.' என்று எக்ஸ், ஒய்யில் அனுமதி கொடுப்பார்கள். அப்படிக் கொடுத்தால் மையம் இருக்கலாம் என்ற பகுதி ஒரு சதுரம். சதுரத்தின் மூலைக்குப் போனால் சரியான இடத்திலிருந்து 0.35 மி.மீ. விலகலாம், நேராகப் போனால் 0.25 மட்டும். இது என்ன நியாயம்? மூலையில் 0.35 விலகிய துளைக்குப் போல்ட் போகிறது என்றால், எல்லாத் திசையிலும் 0.35 விலகினாலும் போகத்தானே வேண்டும்? ஸ்காட்லாந்தின் அலெக்சாண்ட்ரியா ஊரிலிருந்த அரசு டார்பிடோ தொழிற்சாலையில் பணியாற்றிய ஸ்டான்லி பார்க்கர் 1938 வாக்கில் இதைச் சொன்னார். சதுரத்துக்குப் பதில் அதன் மூலைகளைத் தொடும் வட்டத்தைக் கொடுத்தால் அனுமதிப் பரப்பு 57 சதவீதம் கூடுகிறது. நல்ல பொருளைக் கெட்டது என்று ஒதுக்குவது குறைகிறது. இன்றைய வரைபடங்களில் துளைக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் கூட்டல் குறிபோட்ட ஒரு சின்னம் இருக்குமே, அதன் வேர் இங்கேதான்.

உடைந்த ஃப்ளாஞ்சிலும் உயிர் உண்டு

பழைய பம்பு, பாதி ஃப்ளாஞ்ச் உடைந்துபோயிற்று. எத்தனை துளை இருந்தது என்றுகூடத் தெரியாது. அடுத்தடுத்து மூன்று துளை மிஞ்சியிருந்தால் போதும். பக்கத்துத் துளைகளின் தூரம் 45.92 என்று அளந்தீர்கள். ஓரத்து இரண்டு துளைகளின் மையங்களையும் இணைக்கும்படி ஒரு இரும்புச் சட்டத்தை வைத்து, நடுத்துளை அதிலிருந்து எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்த்தால் 17.57. முதல் எண்ணின் வர்க்கத்தை இரண்டாவதால் வகுங்கள்: 2108.6 ÷ 17.57 = 120. பிசிடி கிடைத்துவிட்டது. 45.92-ஐ 120 ஆல் வகுத்தால் 0.3827. மேலே சொன்ன பெருக்கிகளில் தேடினால் எட்டு துளை என்று தெரிந்துவிடும்.

இந்தச் சூத்திரம் பிரம்மகுப்தருடையது. முக்கோணத்தின் இரண்டு பக்கங்களைப் பெருக்கி, குத்துயரத்தின் இரட்டிப்பால் வகுத்தால் சுற்றுவட்டத்தின் ஆரம் வரும் என்று கி.பி. 628-இல் எழுதினார். ஒரு எச்சரிக்கை: உயரத்தில் 0.1 மி.மீ. பிசகினால் பிசிடியில் 0.7 மி.மீ. பிசகும். ஐந்து துளை மிஞ்சியிருந்தால் முதல், மூன்றாவது, ஐந்தாவதை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் கூடும், பிசகு குறையும்.

வேண்டுமென்றே பிசகிய துளை

எல்லாத் துளைகளும் சம இடைவெளியில் இருந்தால் பொருளை எப்படித் திருப்பியும் பூட்டலாம். சில இடங்களில் அது கூடாது. பல எஞ்சின்களில் ஃப்ளைவீலின் ஒரு போல்ட் துளையைக் கொஞ்சம் தள்ளி வைத்திருப்பார்கள், அல்லது ஒரு டோவல் பின் வைத்திருப்பார்கள். கிராங்கோடு அது ஒரே ஒரு நிலையில்தான் சேரும். ஒரு துளை மட்டும் ஒத்துவரவில்லை என்று டிரில்லை எடுக்கும்முன் ஃப்ளைவீலைத் திருப்பித் திருப்பி வைத்துப் பாருங்கள்.

சுற்றாக முடுக்கக் கூடாது

ஐந்து நட்டு என்றால் ஒன்று, மூன்று, ஐந்து, இரண்டு, நான்கு. எட்டு என்றால் எதிரெதிராக. வரிசையாகச் சுற்றி முடுக்கினால் ஒரு பக்கம் கேஸ்கெட் நசுங்கி, மறுபக்கம் வாய் பிளக்கும். பெரிய ஃப்ளாஞ்சுகளில் முதல் சுற்றில் முழு முறுக்குவிசையில் 20 முதல் 30 சதவீதம், அடுத்து 50 முதல் 70, பிறகு நூறு என்று எதிரெதிராக ஏற்றி, கடைசியில்தான் வட்டமாக ஒரு சுற்று போவார்கள்.

வெயிலும் அளக்கிறது

உலகம் முழுவதும் நீள அளவுகளுக்கான அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். நம் ஷெட்டுகளில் மதியம் 35 டிகிரி சாதாரணம். ஒரு மீட்டர் பிசிடி உள்ள இரும்பு ஃப்ளாஞ்ச் அந்த 15 டிகிரிக்கு ஏறக்குறைய 0.17 மி.மீ. விரியும், அலுமினியம் 0.35 மி.மீ. விரியும். இரும்பை இரும்பு அளவியால் அளந்தால் இரண்டும் சேர்ந்தே விரிவதால் கவலையில்லை. அலுமினியத்தை அளக்கும்போதுதான் கிட்டத்தட்ட 0.17 மி.மீ. கூடுதலாகக் காட்டும். பெரிய அலுமினிய மூடிக்கு மையத் தூரம் எடுப்பதாக இருந்தால் விடியற்காலையில் எடுங்கள், அல்லது அளந்த வெப்பநிலையையும் அளவின் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.